மேகம் கறுத்தால் போனை அணைப்பார்கள்

நிலாவில் நம் நாட்டுக் கலம் இறங்கிய சாயங்காலம், அருப்புக்கோட்டை மில்லில் வேலை முடிந்து நேரே திருச்சுழிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். டிவியில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டே, கண்மாய் மடைக்குக் கதவு போடத் துட்டில்லை என்கிறவர்களுக்கு நிலாவுக்குப் போக மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இந்த விஷயத்தில் வீட்டில் நான் ஒருத்திதான் அரசாங்கத்தின் பக்கம். மதினி என்னை ராக்கெட்டுக்காரி என்றே கேலி செய்வார்.

மடையும் வேண்டும், ராக்கெட்டும் வேண்டும், ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்கக் கூடாது என்று வாதாடினேன். மானாவாரிக் காட்டை வைத்துப் பிழைக்கிற நமக்குத்தான் அந்தச் செலவு முதலில் தேவை. திருச்சுழிக்காரனுக்கு மழை வருமா என்று பார்த்துச் சொல்ல எந்த முதலாளியும் செயற்கைக்கோள் விடப் போவதில்லை, அரசாங்கம்தான் விட வேண்டும். அண்ணன் சிரித்தார். ஆனால் அடுத்த கோடையில் போனுக்கு மழை எச்சரிக்கை வந்தபோது, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, களத்தில் காய்ந்த மிளகாய் வத்தலை அவசரமாக அள்ளி உள்ளே போட்டார். மழை கொட்டியது. பக்கத்துக் களத்து வத்தல் நனைந்து வெளுத்துப்போனது.

"ஏத்தா, ஒன் ராக்கெட்டு பொழச்சுப் போகட்டும்" என்று எனக்குப் போன் போட்டுச் சொன்னார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து பாராட்டு வராது.

போன் மின்னலை இழுக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. யார் கிளப்பிவிட்டதோ. வானம் கறுத்ததும் ஆடு மேய்க்கிறவர்கள் அத்தனை பேரும் போனை அணைத்துவிடுவார்கள். அண்ணன் பேட்டரியையும் கழற்றி மடியில் முடிந்துகொள்வார். அதெல்லாம் பொய், மரத்தடியில் ஒதுங்குவதுதான் ஆபத்து என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். காட்டில் நிற்பது நானா நீயா என்று கேட்பார். நான் மில் கூரைக்குக் கீழே நிற்கிறவள்தானே.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் என் போனுக்குச் செய்தி வந்தது. நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தில் இடி மின்னல், வெட்டவெளியிலும் மரத்தடியிலும் நிற்க வேண்டாம். உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது அந்தக் குரல். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், அதையேதான் சொன்னது. பக்கத்து வீட்டுப் போனில் மதினியைப் பிடித்து ஆள் அனுப்பச் சொன்னேன். போனவர் கண்மாய்க்கரையை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் வேலமரத்தடியில் கிடந்தார். அவரை ஒட்டி நின்ற ஆடுகளும் செத்துக் கிடந்தன.

எழவு வீட்டில் ஒரு பெரிய மனிதர், இத்தனை கோடியைக் கொட்டி ராக்கெட் விடுகிறார்கள், ஒரு உயிரைக் காப்பாற்ற முடிந்ததா என்று ஆரம்பித்தார். எப்போதும் பாய்ந்து விழுகிற நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். மேலே போட்ட காசு வீணில்லை என்று இன்றும் சொல்வேன். செயற்கைக்கோள் பார்த்தது, சரியாகவும் சொன்னது. மழைக்குப் போனை அணைக்காதீர்கள் என்று ஊர் ஊராக வந்து சொல்லத்தான் யாரும் ஒரு ஆளை அனுப்பவில்லை. அதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

அடக்கம் முடிந்த மறுநாள், வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் சொல்ல நம்பர் தேவைப்பட்டது. மதினி அண்ணனின் போனையும் பேட்டரியையும் கொண்டுவந்து கொடுத்தார். போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பேட்டரியைப் போட்டுத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் செய்தி வந்து விழுகிற சத்தம் கேட்டது. பார்ப்பதற்கு முன்பே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மதினிக்கு வாசிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஏதோ விளம்பரம் என்று சொல்லியிருக்கலாம், எனக்கு மனம் வரவில்லை. இடி மின்னல் என்பதிலிருந்து மரத்தடி வரைக்கும் வாசித்துக் காட்டினேன். மதினி போனை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சம் அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மேல இருக்கவுகளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார். "அங்கன நின்ன மனுசருக்குத்தான் தெரியல."