நான் கையெழுத்து வைத்து நிறுத்தப் பார்த்த பாட்டு

மூப்பர் ஐயா, என் சாட்சியைப் பாதியில் வெட்டினது நீங்கள்தான். போன ஞாயிறு, "மண்டபத்தில கிற்றார் வாசிக்கிற வெள்ளைக்காரப் பெடியள்" என்று நான் தொடங்கினவுடனே, "அல்லேலூயா, காணும் தங்கச்சி" என்று மைக்கை வாங்கினீர்கள். "எங்கட சபையார் மாறி மாறிச் செய்த சங்கிலி ஜெபத்தின்ர பலன்" என்று நீங்களே முடித்தும் வைத்தீர்கள். மிச்சத்தை நான் இங்கே எழுதுகிறேன். சபையார் வாசியுங்கள்.

என் தம்பி ரவி யாழ்ப்பாணத்தில் சேர்ச்சில் கிற்றார் வாசித்தவன். இராணுவ முகாமில் அடைபட்டுக் கிடந்துவிட்டு, எண்பத்தேழு கடைசியில் லண்டன் வந்தான். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அவ்வளவுதான். ஒரு சொல் கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையைக் கதவடியில் வைப்பேன். பல நாள் வைத்தது வைத்தபடி இருக்கும். டொக்டர் தந்த குளிசையும் அப்படியே கிடந்தது.

எட்டு மாதம். "ஆண்டவரே, அவன் ஒரு சொல் சொல்லட்டும், என்னைத் திட்டினாலும் பரவாயில்லை" என்று அழுதேன். பிறகு அழுகையும் வரவில்லை. "உமக்குக் காது கேட்காதோ?" என்று கர்த்தரையே கேட்டேன். கேட்டது பிழைதான். கேட்டேன்.

எங்கள் சபை ஞாயிறு பின்னேரம் வாடகைக்குக் கூடுகிற வெள்ளைக்கார சேர்ச் மண்டபம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். சனிக்கிழமைகளில் அங்கே அந்த வெள்ளைக்காரப் பெடியள் நாலு பேர் வாசிப்பார்கள். நீளத் தலைமயிர், கிழிந்த ஜீன்ஸ். பாடுவது இயேசுவை, அடிப்பது ட்ரம்ஸ். நீங்கள் அதைப் பிசாசின் சத்தம் என்றீர்கள். அவர்களை நிறுத்தச் சொல்லி அந்த சேர்ச்சின் பாதிரியாருக்கு ஒரு மனு எழுதினீர்கள். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. ட்ரம்ஸ் சத்தத்துக்குத் தம்பி பயப்படுவான் என்று நினைத்தேன்.

அடுத்த சனி வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். ட்ரம்ஸ் தொடங்கியது. பின்அறைக் கதவு திறந்தது. தாடியும் இடுப்பில் சாரமுமாக, வெறுங்காலோடு ரவி என்னைக் கடந்து போனான். நான் பின்னால் ஓடினேன். நேரே மண்டபத்துக்குள் போய்க் கிற்றார்க்காரனிடம் கை நீட்டினான். அவன் கழற்றிக் கொடுத்தான். ரவி கம்பியை முறுக்கித் தட்டிப் பார்த்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, மூண்டாம் கம்பி சுதி இல்லை. சனிக்குச் சனி கேட்டு என்ர காது புளிச்சுப் போச்சு. இவங்களுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லையே?"

நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். என் மற்றக் கையில் வெங்காயக் கத்தி. ட்ரம்ஸ் அடிக்கிற பீற்றர், "மனு சரிவரேல்லை எண்டு கத்தியோட வந்திட்டீங்கள் எண்டு நினைச்சம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. யன்னலால் எங்கள் வீட்டைக் காட்டினான்.

"அந்த அறையில எப்பவும் திரை மூடியிருக்கும். ஆர் எண்டு தெரியாது. நாங்கள் வாசிக்கத் தொடங்க முன்னம் அந்த ஆளுக்காகவும் ஜெபிக்கிறனாங்கள்."

அவர்களை நிறுத்தச் சொல்லி நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் என் தம்பிக்காக முழங்காலில் நின்றிருக்கிறார்கள்.

ரவி இப்போது மேசையில் இருந்து சாப்பிடுகிறான், கறியில் உப்பில்லை என்று ஏசுகிறான். இன்னும் சில நாள் கதவைச் சாத்துவான். ஆனால் சனிக்கிழமை திறப்பான். கர்த்தருக்கு நன்றி. வீட்டில் இப்படி ஒரு பூட்டின கதவு உள்ளவர்களே, ஜெபத்தை விடாதேயுங்கள். உதவி எந்த உடுப்பில் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதேயுங்கள்.

மனு இன்னும் பாதிரியாரிடம் கிடக்கிறது. என் பெயரை வெட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டேன். மண்டபத்தில் அந்த வாசிப்பு இல்லாமல் போனால் ரவி எந்தக் கதவைத் திறந்து எங்கே போவான்?

மூப்பர் ஐயா, வாற ஞாயிறு அதே மைக்கில், சபை முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள். அந்த நாலு பேரின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டாரா, இல்லையா? ஓம் என்றால், அந்த மனுவை அங்கேயே கிழியுங்கள். இல்லை என்றால், முன்வரிசையில் ரவி இருப்பான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.