கரிப்பெட்டியும் ராசிக்காரியும்

அவள் பிறந்த வாரத்தில் அவள் அப்பா வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் தெருவுக்கு வந்தார்கள். முதலாளி இயந்திரங்களை விற்றுவிட்டு வேறு ஊரில் வேறு தொழில் தொடங்கினார். ஆனால் அந்த வீட்டில் குற்றவாளி என்று கைகாட்டப்பட்டது தொட்டிலில் கிடந்த குழந்தை. "இது கால் வெச்ச நேரம்" என்றாள் அத்தை. நிற்கவே தெரியாத குழந்தை எங்கே கால் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. வளர்ந்த பிறகு அவளே கேட்டாள். கேட்டதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அதனால் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'ராசிக்காரி' என்று கேலிப்பெயர் விழுந்தபோது அவள் அழவில்லை. பழைய எதிரியை அடையாளம் கண்டுகொண்டதுபோல் முறைத்தாள்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. இஸ்திரி மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள், ஆவியில் வெந்துகொண்டே லைசென்ஸ் எடுத்தாள். சூப்பர்வைசரை நச்சரித்து நச்சரித்து லாரிச் சாவியையும் வாங்கினாள். பெட்ரோலில் ஓடும் பழைய சின்ன லாரி. ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் முறை, மற்ற நாட்களில் மீசைக்காரர். மீசைக்காரர் எடுத்தால் லாரி சமர்த்தாக ஓடியது. அவள் எடுத்தால், பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் வரும் வளைவில் இருமிக் குலுங்கி நின்றது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினால்தான் மறுபடி உயிர் வரும். வரும்போது பெட்ரோல் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

அந்த வளைவு சலவைக்கூடத்து வாசலிலிருந்தே தெரியும் என்பதுதான் அவளுடைய கஷ்டம். ஒவ்வொரு முறையும் ஊரே பார்த்தது.

"வண்டி ஆம்பளை கைக்குப் பழகினது" என்றார் மீசைக்காரர். அவர் கெட்டவரல்ல. காரணம் தெரியாத இடத்தில் கைக்குக் கிடைத்ததைச் சொல்கிறவர்.

"கையில்லண்ணே, அவ மூஞ்சி" என்று இஸ்திரி மேசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரே ஆவியில் வேகிறவர்கள் தங்களில் ஒருத்தி வெளியே காற்று வாங்கப் போனதை மன்னிக்கவில்லை.

சூப்பர்வைசர் சிரிக்காமலே சொன்னார்: "இதோ பாரும்மா, இந்த மாதிரி விஷயத்துல எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா வண்டி நிக்குதா இல்லையா? வர்ற வாரத்துக்குள்ள சரியாகலைன்னா நீ பழையபடி இஸ்திரிக்கே போயிடு."

நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொண்டே நம்புகிறவர்களைத்தான் அவளால் சகிக்கவே முடியாது.

விடுமுறை நாளில் லாரியை அக்கா புருஷனின் மெக்கானிக் கொட்டகைக்கு ஓட்டிப் போனாள். அத்தான் ஏற்கெனவே பிளக்கை மாற்றிவிட்டார், ஃபில்டரை மாற்றிவிட்டார். கொட்டகையில் நின்றால் லாரி பூனைபோல் உறுமியது.

"வண்டிக்கு ஒரு நோயும் இல்ல, மச்சினி. என்னைக் கேலி பண்ணத்தான் இங்க வருது. உங்க அக்காவுக்குச் சொந்தக்கார வண்டியா இருக்கும்."

"அக்கா காதுல விழுந்தா இன்னிக்குச் சோறு கிடையாது, அத்தான். நான் ஒண்ணு சொல்லட்டுமா? இத்தனை நாளா எல்லாரும் யார் ஓட்டினா நிக்குதுன்னு கேக்கறாங்க. எப்ப நிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல."

"எப்ப நிக்குது?"

"பெட்ரோல் போட்ட உடனே."

அத்தான் கையைத் துடைப்பதை நிறுத்தினார்.

அவளுடைய வழி தூரத்து ஆஸ்பத்திரிகளுக்கு. ஆகவே அவள் நாட்களில் டேங்கைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும் என்பது சூப்பர்வைசர் உத்தரவு. பங்கில் குழாய் 'க்ளிக்' என்று தானே நின்ற பிறகும் லாரியைக் குலுக்கி, விட்டு விட்டு அழுத்தி, விளிம்பு தளும்ப ஊற்றுவார்கள். அந்த லாரிக்கு எப்போதும் அப்படித்தான். அவளும் இடுப்பால் முட்டிக் குலுக்கியவள்தான். ஊருக்குள் சுற்றும் மீசைக்காரர், மிச்சமிருப்பதில் ஓட்டுவார். கொட்டகைக்கு வரும்போதும் டேங்க் பாதி காலி.

கேனில் பெட்ரோல் வாங்கிவந்து கழுத்துவரை ஊற்றினார்கள். சாவியைத் திருகினாள். லாரி இருமியது, குலுங்கியது, நின்றது.

"அடி சக்கை!" என்றாள். நின்ற வண்டியைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

அத்தான் தரையில் படுத்து அடியில் நுழைந்தார். டேங்குக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பெட்டி. கல்லடி பட்டு ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. "கரிப்பெட்டி" என்றார். பெட்ரோல் ஆவி காற்றில் கலக்காமலிருக்க அந்தப் பெட்டியில் உள்ள கரி அதைப் பிடித்துவைக்கும், ஓடும்போது இன்ஜின் ஒரு வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று விளக்கினார். ஆவி வர வேண்டிய பெட்டியில் தளும்பிய பெட்ரோலே வந்து விழுந்தால் கரி ஊறிப்போகும். பிறகு இன்ஜினுக்கு மூச்சுமுட்டும்.

"ஆனா வால்வு மூடியிருந்தா முட்டாதே" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார். வால்வைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். கறுப்பு மணிகள் உதிர்ந்தன. விரிசல் விட்ட பெட்டியிலிருந்து உடைந்த கரி குழாய்வழியே வந்து வால்வின் வாயில் சிக்கியிருந்தது. வாய் மூடவே இல்லை.

"நாளைக்கே புதுசு போட்டுடலாம். இப்பவே இந்த மணியையாவது ஊதித் தள்ளிடறேன்."

"ஊதாதீங்க. அப்படியே திரும்ப மாட்டுங்க."

"என்னது?"

"இப்ப சரி பண்ணினா நாளைக்கு என்ன சொல்லுவாங்க? பீடை விலகிடுச்சும்பாங்க. பிறந்ததுலேருந்து இதைக் கேட்டுக்கிட்டிருக்கேன், அத்தான். ஒரு தடவையாவது அவங்க கண்ணாலயே பாக்கட்டும்."

அத்தான் அவளைப் பார்த்துவிட்டு மணிகளை ஒவ்வொன்றாக வால்வுக்குள் போட்டு மாட்டினார். "உங்க அக்காவுக்கு நீ எவ்வளவோ மேல்னு நினைச்சிருந்தேன். வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை, அவள் முறை. சாவியை மீசைக்காரரிடம் நீட்டினாள்.

"அண்ணே, இன்னிக்கு நீங்க எடுங்க. பங்குல எனக்கு ஊத்தற மாதிரியே குலுக்கிக் கழுத்துவரைக்கும் ஊத்திக்கிட்டு அந்த வளைவைத் தாண்டிக் காட்டுங்க."

"அதுக்கென்ன, தாண்டிட்டாப் போச்சு" என்று மீசையை நீவிக்கொண்டு போனார். இஸ்திரி மேசைகள் காலியாகி வாசலில் கூட்டம் சேர்ந்தது. லாரி பங்கிலிருந்து வெளியே வந்தது. வளைவுக்கு வந்தது. இருமியது, குலுங்கியது, நின்றது.

பிறகு கூட்டத்தில் ஒருத்தி, "சாவியை அவதானே கையால தொட்டுக் குடுத்தா?" என்றாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உண்மை முகத்தில் வந்து மோதினாலும் மூடநம்பிக்கை சற்றே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளுமே தவிர எழுந்து போகாது.

"தள்ளிக்கிட்டு வாங்க!" என்று கத்தினாள். லாரி வாசலுக்கு வந்தது. அவள் வரச் சொல்லியிருந்த அத்தான் இன்ஜின் மூடியைத் திறந்து நின்றார். தரையோடு மிதித்து மீசைக்காரர் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் திக்கித் திணறியது. அவள் சூப்பர்வைசர் கையில் இடுக்கியைத் திணித்தாள்.

"கரிப்பெட்டியிலேருந்து இன்ஜினுக்கு வர்ற அந்த ரப்பர் குழாயை அழுத்திப் புடிங்க, சார்."

"நானா?"

"நான் தொட்டா ராசின்னு சொல்லிடுவாங்களே. நீங்களே புடிங்க."

அவர் பிடித்தார். திணறல் அடங்கி இன்ஜின் சீராக உறுமியது.

"விடுங்க."

விட்டார். மறுபடி திணறியது.

"புடிங்க." சீராக ஓடியது. "விடுங்க." திணறியது. அவள் சொல்லாமலே அவர் இன்னொரு முறை பிடித்து விட்டுப் பார்த்தார், விளையாட்டுச் சாமான் கிடைத்ததுபோல.

இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, அத்தான் கரிப்பெட்டியைக் கழற்றி ஒரு தட்டின் மேல் சாய்த்தார். கரி மட்டும் இருக்க வேண்டிய பெட்டியிலிருந்து பெட்ரோல் களக் களக்கென்று கொட்டியது.

"இதுதான் சார் என் மூஞ்சி" என்றாள். "இதை ரொப்பினது நானில்ல. கழுத்துவரைக்கும் ஊத்துன்னு சொன்ன உங்க வாய்."

சூப்பர்வைசர் கனைத்தார். "சரிம்மா, சரி. லாரி உன்கிட்டயே இருக்கட்டும். எப்படியோ கண்டுபிடிச்சிட்ட, உன் கைராசி."

"அந்த வார்த்தையே வேணாம் சார். இன்னிக்குக் கைராசி, நாளைக்கு ஒரு டயர் பஞ்சரானா மறுபடியும் பீடை. நல்லதுக்கும் வேணாம், கெட்டதுக்கும் வேணாம்."

புதுப் பெட்டியும் புது வால்வும் வந்தன. டேங்க் மூடிக்குப் பக்கத்தில் அவள் வெள்ளைப் பெயின்டில் எழுதினாள்: 'க்ளிக் என்றால் நிறுத்து.' உடைந்த பெட்டியை, எல்லோரும் பார்க்கட்டும் என்று வாசல் சுவர் ஆணியில் மாட்டினாள். லாரி அந்த வளைவைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டியது.

சில வாரங்கள் போயின. ஒருநாள் காலை சீக்கிரம் வந்தவள், சாவி எடுக்கப் போன மீசைக்காரர் வாசலில் நின்று அந்த உடைந்த பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்தாள்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

"சும்மாம்மா..." அவர் நெளிந்தார். "இதை மாட்டினதுலேருந்து வண்டி நல்லா ஓடுது பாரு. எல்லாருமே தொட்டுட்டுத்தான் போறாங்க. சூப்பர்வைசர்கூட."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பெட்டியைப் பிடுங்கி, பழைய இரும்புக்குப் போகும் மூட்டைக்குள் எறிந்தாள். உள்ளேயிருந்து ஒருத்தி "ஐயையோ!" என்றாள்.

ஸ்டூலிலிருந்து இறங்காமலே கேட்டாள்: "வண்டி ஏன் ஓடுது? சொல்லுங்கண்ணே."

"அது... க்ளிக்குன்னா நிறுத்திடறோம்ல, அதனால."

"உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கல."

மீசைக்காரர் திரும்பிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டிகள் எல்லாம் ஓய்ந்திருந்தன. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கூடமே அதிரச் சொன்னார்.