ஓடையோடு இறங்கினால்

குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவிக் காட்டைச் சாரல் மூடுகிறது. கல்லூரி முகாமிலிருந்து வந்த எனக்கும் தோழி லில்லிக்கும் வழி தப்பிவிட்டது. ஓடையோடு இறங்கினால் ஊர் வரும் என்பது முகாமில் கற்ற பாடம். தயங்காமல் இறங்குகிறோம்.

விறகுக்குப் போகும் எங்கள் வயதுப் பெண் ஒருத்தி, அரிவாளும் கையுமாக மறிக்கிறாள்.

"எக்கா, அங்கன எங்க போறிய?"

"ஓடை கீழேதானே போகுது?"

"தண்ணி குதிச்சுப் போவும். நீங்களும் குதிப்பியளா?"

அப்போதுதான் அருவியின் இரைச்சல் காதில் விழுகிறது. லில்லி என் கையை இறுகப் பிடிக்கிறாள்.

அருவிச் சத்தம் இடப்பக்கமே கேட்கும்படி நடக்கச் சொல்லி, ஒற்றையடிப் பாதையைக் காட்டிவிட்டுப் போகிறாள் அவள். அப்படியே நடந்து, பொழுதிருக்கவே அடிவாரத்தில் நிற்கிறோம். நாங்கள் பின்தொடர்ந்த தண்ணீர் பாறை உச்சியிலிருந்து விழுகிறது.

லில்லி அதை அண்ணாந்து பார்க்கிறாள். "நாளைக்கும் ஏறுவோம்" என்கிறாள்.