கனகா சிஸ்டர் கொடுத்தனுப்பிய கொடிகள்

போன புதன்கிழமை காலை முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாதித் தலை முடிந்திருந்தது. ஒடுகத்தூரிலிருந்து கனகா சிஸ்டரின் தம்பி மகன் போன் செய்தான். "அத்தை தவறிட்டாங்க சார். விடியக்காலைல." "எந்த அத்தைடா?" என்று அதட்டினேன். அவனுக்கு இருப்பது ஒரே அத்தை. தெரிந்துதான் கேட்டேன், வேறு யார் பேரையாவது சொல்லிவிட மாட்டானா என்ற நப்பாசை. எழுந்து கிளம்பப் பார்த்தவனைக் கடைக்காரர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "மிச்சத்தையும் வெட்டிடறேன் சார், இப்படியே எழவு வூட்டுக்குப் போவ முடியாது." கழுத்தில் கட்டிய துணியோடு, எதிரே கண்ணாடியைப் பார்த்தபடியே அழுதேன்.

எழுபதுகளின் பிற்பாதியில், ஜவ்வாது மலைமேல் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் நானும் கனகா சிஸ்டரும் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் நர்ஸ், நான் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், அதுவும் ஜீப் மலை ஏறினால். சிஸ்டரோடு பழகிய உங்களுக்கு அவர் குணத்தைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனால் ஒரு மார்கழியில் நடந்ததை முழுசாக அறிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது நான் மட்டும். அதனால் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் சண்டை. தன் வீட்டு வாசலில் படர்ந்திருந்த மணி பிளாண்டில் நாலு துண்டு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். நேராக என் அறைக்கு வந்து காலி டானிக் பாட்டில் கேட்டார். மலைமேல் காலி பாட்டிலுக்கு அவ்வளவு கிராக்கி. மிக்ஸ்சர் மருந்து வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் கையை வீசிக்கொண்டு வருவார்கள், நான்தான் பாட்டில் தேடவேண்டும். "செடி வெக்கறதுக்கெல்லாம் சர்க்கார் பாட்டில் கிடையாது சிஸ்டர்" என்றேன். "உங்க அலமாரிக்குப் பின்னாடி மூடி இல்லாம பதினோரு பாட்டில் கெடக்குது சார். எண்ணிட்டுத்தான் கேக்கறேன்" என்றார். இது இன்னா ஆளுடா என்று மனசுக்குள் வைதுகொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

கொடி விஷயத்தில் அவர் கறார். தண்டில் இலை புறப்படும் இடத்தில் முடிச்சுபோல இருக்கும் கணுவுக்கு ஒரு விரல் கீழேதான் கத்தி வைப்பார். "கணு இல்லாத வெறும் இலைய எத்தினி வருசம் தண்ணில வெச்சாலும் அது இலையாவேதான் நிக்கும்" என்பார். கணு தண்ணீருக்குள் இருக்கவேண்டும், இலை தண்ணீரைத் தொடக்கூடாது. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவார். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று பாட்டிலைச் சுற்றிப் பழைய துணி கட்டுவார். வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுவார். ஆறே மாதத்தில் பிரசவ அறையின் ஜன்னல் கம்பிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. "இது ஆஸ்பத்திரியா, ஃபாரஸ்ட் ஆபீஸா?" என்று கேட்பேன். சிரிப்பாரே ஒழிய ஒரு இலையைக் கிள்ளமாட்டார்.

அங்கே எங்களுக்கிருந்த பெரிய தலைவலி, மாசமாக இருக்கும் பெண்கள் ஒருமுறை வந்தால் மறுபடி வரமாட்டார்கள். நாள் தெரியாமல் இல்லை. அமாவாசையும் சந்தை நாளும் எங்களைவிட அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். "நோவு இல்லாதவளுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு? கொல்லையில வேல கெடக்குது" என்று மாமியார்கள் நிறுத்திவிடுவார்கள். கனகா சிஸ்டர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வருகிற ஒவ்வொரு பெண்ணின் கையிலும் பாட்டிலில் ஒரு கொடித்துண்டைக் கொடுத்தார். "வேர் ஒரு விரல் வந்ததும் தூக்கிட்டு வாம்மா. நான்தான் மண்ணுல நட்டுத் தரணும். வேற கை பட்டா புடிக்காது."

"இப்படி ஒரு பொய்யா சிஸ்டர்?" என்றேன். "பொய்தான். வர்றாங்களா இல்லையா, அத்தப் பாருங்க" என்றார். வந்தார்கள்! மருமகளுக்காக அனுப்பாத மாமியார்கள் கொடிக்காக அனுப்பினார்கள். "வேர் விட்டுடுச்சு, போய்ட்டு சீக்கிரம் வா" என்று அவர்களே பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்களாம். வேர் விட்டதை நட்டுக் கொடுத்ததும் அடுத்த துண்டைக் கையில் கொடுத்துவிடுவார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கொடியைப் பார்க்கிற சாக்கில் வயிற்றையும் பிரஷரையும் பார்த்து அனுப்புவார். யாருக்குக் கொடுத்தாலும் அதே கொடியில் இன்னொரு துண்டை வெட்டி, பேர் எழுதி ஆஸ்பத்திரி ஜன்னலிலும் வைத்துக்கொள்வார்.

பச்சையம்மாள் வந்தது கார்த்திகைக் கடைசியில். இரண்டு மணி நேரம் நடந்து வரவேண்டிய ஊர். முதல் இரண்டு பிரசவத்திலும் குழந்தை தங்கவில்லை. இது மூன்றாவது, எட்டாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. காலில் லேசான வீக்கம். "இந்த வாட்டி கொழந்த இல்லாம உன்ன வுட மாட்டேன்" என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லி, பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார்.

இங்கே என் பங்கைச் சொல்லியாகவேண்டும். மார்கழி பாதியில் அவள் புருஷன் அண்ணாமலை, தன் அம்மாவின் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். சிஸ்டர் தடுப்பூசி போட வேறு ஊருக்குப் போயிருந்தார். "கொடி இன்னும் வேர் விடல சார். அவள இட்டுக்கினு வரட்டுமா?" என்று கேட்டார். என்னைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். எரிச்சலில், "வேர் விட்டதும் வாங்கன்னுதானே சொன்னாங்க? அப்புறம் இன்னா?" என்று அனுப்பிவிட்டேன். சிஸ்டரிடம் சொல்லவும் மறந்துபோனேன்.

ஐந்தாறு நாள் கழித்துக் காலையில் ஜன்னலில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று கூப்பிட்டார். "சார், இங்க வாங்க." பச்சையம்மாள் பேர் ஒட்டிய பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். கணு வேர் விடாமல் வெட்டியபடியே இருந்தது. பக்கத்துப் பாட்டில்களிலும் அப்படியே. "கீழ எங்க ஊர்ல மூணு வாரத்துல வந்துடும். இந்தக் குளிர்ல வராது போல. எனக்கே வரல, அவளுக்கு எப்படி வரும்? வேர் வரலன்னு அவ உக்காந்துட்டு இருப்பா சார்!" பேசிக்கொண்டே பையை எடுத்துவிட்டார். அண்ணாமலை கேட்டுவிட்டுப் போனது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பிரஷர் பார்க்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். இரண்டு மணி நேர வழியில் அண்ணாமலை வந்துபோனதைச் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். தைரியம் வரவில்லை.

அவள் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. தலை வெடிக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். ஆனால் எங்களைப் பார்த்ததும் அவள் அழுதது அதற்கு இல்லை. தானியக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பாட்டிலை மாமியார் எடுத்துவந்தார். தண்டு கறுத்து அழுகியிருந்தது. "நீங்க குடுத்தத சாவடிச்சுட்டேன் நர்ஸம்மா. இதுவும் எனக்குத் தங்கல. இன்னா மூஞ்சியோட வர்றது?" என்று தேம்பினாள்.

கனகா சிஸ்டர் தரையில் உட்கார்ந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இதப் பாரு. தப்பு என்னுது. குளிர்ல இது வேர் வுடாது, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாம குடுத்துட்டேன். உன் கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எழுந்திரு, போலாம்." வீட்டில் அத்தனை பேர் நிற்கும்போதுதான் சொன்னார். பிரஷரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்தது. மூங்கிலில் கம்பளி கட்டி, நாலு பேர் தூக்கி, ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். சாமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியை நிறுத்தி, டிரைவரிடம் சிஸ்டர் பாதி மூட்டையை இறக்கவைத்தார். அவளோடு தானும் ஏறித் திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நாலாம் நாள் திரும்பிவந்தார். "பொண்ணு. எடை கம்மிதான், ஆனா நல்லா கத்துது. ரெண்டு உசுரும் தங்கிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு, பையைக்கூட இறக்காமல் பெஞ்சில் சாய்ந்தார். அப்போதுதான் நான் சொன்னேன். அண்ணாமலை வந்தது, கேட்டது, நான் விரட்டியது, எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "இத்த எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அந்தாள்கிட்ட சொல்லுங்க" என்றார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே சிஸ்டர், இப்ப எதுக்கு?"

"உங்களுக்கு முடிஞ்சுது. அவரு தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு நெனச்சிட்டு இருப்பாரு சார்."

அந்தக் குளிர் முடியும்வரை அவர் யாருக்கும் பாட்டில் கொடுக்கவில்லை. தானே ஊர் ஊராக நடந்தார். பங்குனி வெயில் வந்த பிறகுதான் மறுபடி கத்தியை எடுத்தார். இதையெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது, அன்று பெஞ்சில் சாய்ந்தபடி அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை. என் தவறை நான் போய்ச் சொல்லாவிட்டால் சம்பந்தமில்லாத யாரோ அதைச் சுமந்துகொண்டிருப்பார். அதற்குப் பிறகு வேலையிலும் வீட்டிலும் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். ஒன்றையும் இன்னொருவர் தலையில் விட்டுவைத்ததில்லை.

பச்சையம்மாளும் குழந்தையும் ஊர் திரும்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தனியாக நடந்துபோனேன். அண்ணாமலை களத்து மேட்டில், எல்லாரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு நீங்க சரியாத்தான் கேட்டீங்க. தெரியாம திருப்பி அனுப்பிச்சது நானு. தப்பு என்னுது. மன்னிச்சுக்குங்க."

"நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்னு நெனச்சுக்கினே இருந்தேன் சார்" என்றார். "அவளயும் கொழந்தையயும் சாகக் குடுக்கப் பாத்தேனேன்னு, இன்னும் கொழந்தையத் தொடவே இல்ல."

பிறகு எழுந்தார். தண்ணீர்க் குடத்துக்குப் போய் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்க உள்ளே போனார்.