கோட்டோடு போன ராஜினாமா

என் மனைவி எங்கள் வார்டின் உறுப்பினர். முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். அதில் பாதியாவது பட்டனுக்கு விழுந்த ஓட்டு என்பது என் எண்ணம். பதினான்கு வருடமாகச் சலவைக் கடை வைத்திருக்கிறோம். கழன்று விழுந்த ஒரு பட்டனைக்கூட அவள் தொலைத்ததில்லை. நிறம் பார்த்து நூலெடுத்துத் தைத்துத்தான் கொடுப்பாள். அவளிடம் தோற்றுப்போன மருந்துக் கடைக்காரரின் சட்டைகளும் எங்களிடம்தான் வருகின்றன. அவருடைய காலரை மட்டும் இன்னொரு தடவை தேய்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு.

கடைக்கு முன்பக்கம் மேசை. அது அவள் இடம். நடுவில் இஸ்திரி மேடை, என் இடம். பின்னால் இரண்டு இயந்திரங்களும் துணி தொங்கும் கம்பிகளும். மாடியில் வீடு. பத்து வயது மகள் பள்ளிவிட்டு வந்ததும் மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கேதான் எல்லோருடைய கதையும் காதில் விழுகிறதாம்.

எங்கள் கடையில் சில சட்டங்கள் உண்டு. எல்லாம் அவள் போட்டவை. துணி வந்ததும் டோக்கனை இரண்டாகக் கிழிப்போம். ஒரு பாதி துணியில், மறு பாதி வாடிக்கையாளர் கையில். அந்தப் பாதியைக் காட்டாவிட்டால் யாராக இருந்தாலும் துணி கிடையாது. ஒரு வருடம் யாரும் வந்து கேட்காத துணி கடைசிக் கம்பிக்குப் போகும். பைகளில் எது இருந்தாலும், பேருந்துச் சீட்டோ பல்குச்சியோ, எடுத்து அந்தத் துணியின் மேலேயே வைக்க வேண்டும். அப்புறம் கை காலியாக இருப்பவர் அதை ஒரு சின்னக் கவரில் போட்டு, எண் எழுதி, ஹேங்கரில் ஊக்கால் குத்த வேண்டும். காகிதமாக இருந்தால் படிக்கவே கூடாது. ஒருமுறை ஒரு கடிதம் வந்தது. காதல் கடிதத்தை மடிப்பது போலவே மடித்திருந்தது. அதைப் பிரிக்காமல் கவரில் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உறுப்பினரான மறுநாளிலிருந்தே மேசைக்கு முன்னால் இரண்டு வரிசை. ஒன்று துணியோடு, ஒன்று புகாரோடு. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை வழியை அடைத்து நிறுத்துகிறார். ஒரு பெரியவர் தினமும் வருவார். அவருக்குப் புகார் ஒன்றும் இல்லை, நம்ம உறுப்பினரைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று வருகிறவர். என் மனைவி எல்லோருக்கும் காது கொடுப்பாள். பாதி எழுதிய டோக்கனை அப்படியே விட்டுவிட்டு, "ஏங்க, கொஞ்சம் பாத்துக்குங்க, இதோ வந்துடுறேன்" என்று கிளம்புவாள். அவளுடைய இதோ என்பது எப்போதும் இரண்டு மணி நேரம்.

நான் மேசையைப் பார்த்துக்கொண்ட லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லிக்குச்சி வாத்தியாரின் வெள்ளைச் சட்டையை பேக்கரிக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதற்குள் புகுந்து பார்த்துவிட்டு, துவைத்ததில் சட்டை சுருங்கிவிட்டது என்று சண்டைக்கு வந்தார். வாத்தியாரோ பேக்கரிக்காரரின் சட்டையில் ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறார், பாவம், வாயே திறக்கவில்லை. இதற்கு நடுவில் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தது. அவள் போவாள் என்று நானும், நான் போவேன் என்று அவளும் இருந்துவிட்டோம். மகளே ஆசிரியையிடம் போய்த் தன்னைப் பற்றித் தானே விசாரித்துக்கொண்டு வந்து எங்களிடம் ஒப்பித்தாள். கணக்கில் கவனம் போதாதாம், மற்றபடி நல்ல பிள்ளையாம்.

அன்று திங்கட்கிழமை. எனக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து நின்றபடியே எழுபது துணி தேய்த்திருந்தேன். வலது முட்டி தெறித்துக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லும் வழக்கமில்லை எனக்கு. வேறு விதமாகச் சொன்னேன்.

"ஊருக்கு உறுப்பினரா இருக்க ஆயிரம் பேர் கிடைப்பாங்க. இந்தக் கடைக்கு நீ ஒருத்திதான் இருக்கே. அதையும் யோசிச்சுப் பாரு."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கொஞ்சம் பெரிய பெரிய துண்டாக நறுக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே அப்போது தோன்றியது. தோன்றியதை வாயைத் திறந்து சொல்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலை அவள் மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நகராட்சித் தலைவரின் சாம்பல் நிறக் கோட்டு, டோக்கன் எண்பத்து மூன்று. மாதக் கூட்டத்துக்கு மட்டுமே அவர் போடுகிற கோட்டு அது. கூட்டம் வெள்ளிக்கிழமை. அந்த நேரம் மூன்றாவது தெருவிலிருந்து ஒருவர் ஓடிவந்தார்.

"அக்கா, சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. சமையல்கட்டு வரைக்கும் வந்துடுச்சு."

எழுதிய காகிதத்தை நாலாக மடித்துக் கைக்கு எட்டிய இடத்தில் வைத்துவிட்டு அவரோடு போய்விட்டாள். கைக்கு எட்டியது கோட்டு. வேறு எந்தக் கடையிலும் கோட்டின் மேல் கிடக்கும் காகிதம் வெறும் காகிதம். எங்கள் கடையில் அது பையிலிருந்து எடுத்த பொருள். கோட்டை இயந்திரத்துக்கு எடுத்துப் போக வந்த நான், அதைப் பிரித்துப் பார்க்காமல், சட்டப்படி கவரில் போட்டு, எண்பத்து மூன்று என்று எழுதி எடுத்து வைத்தேன். வியாழக்கிழமை கோட்டு பளிச்சென்று தலைவர் வீட்டுக்குப் போனது. கவரும் கூடவே போனது.

அது என் மனைவியின் ராஜினாமாக் கடிதம்.

வெள்ளிக்கிழமை காலை மகள் பள்ளிக்குப் போன பிறகு அவள் மேசை இழுப்பறையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அந்தச் சாக்கடையோடு மல்லுக்கட்டி, அடைப்பெடுக்கும் வண்டியை வரவழைத்து, முந்தின நாள் மாலைதான் வேலை முடிந்திருந்தது.

"செவ்வாக்கிழமை இங்க ஒரு காகிதம் வெச்சேனே, பாத்தீங்களா?"

"நாலா மடிச்சதா? அது கோட்டுப் பையில இருந்ததுல்ல?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். ஒரு காகிதத்தைக்கூடப் பிரித்துப் பார்க்காத என் யோக்கியத்தனத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திட்டினேன்.

"கிழிச்சுப் போடத் தேடினியா, குடுக்கத் தேடினியா?"

"தெரியல. ரெண்டுக்கும்தான்."

"இப்ப என்ன செய்யறது? போய் வாங்கிட்டு வரவா, விட்டுடவா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு எது வேணும், அதச் சொல்லுங்க."

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

தலைவர் கூட்டத்துக்குத் தயாராகக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் எங்கள் கவர். திறந்திருந்தது.

"வாங்க. உங்க கடையில இருந்து மாசா மாசம் எனக்கு ஒரு கவர் வரும். ஒரு தடவை பட்டன், ஒரு தடவை பல்குச்சி. இந்த மாசம் உறுப்பினரையே போட்டு அனுப்பிட்டீங்க."

"தப்பு என்னோடதுங்க ஐயா. பையில இருந்ததுன்னு நெனச்சுட்டேன். அதத் திருப்பிக் குடுத்துடுங்க."

"எழுதினது அவங்க. கேக்குறது நீங்க. அவங்க கேட்டாங்களா?"

"எனக்கு எது வேணும்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. நேரா இங்க வந்துட்டேன்."

அவர் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"போன வருஷம் டோக்கன் கொண்டு வரலன்னு என்னை உங்க கடை வாசல்ல அரை மணி நேரம் நிக்க வெச்சாங்க உங்க வீட்டம்மா. தலைவராச்சேன்னு பாத்தாங்களா? இதுல தேதி போடல. தேதி போடாத கடிதத்த நான் மட்டும் எப்படி எடுத்துக்குவேன்? கொண்டு போங்க. பதினோரு மணிக்குக் கூட்டம்னு ஞாபகப்படுத்துங்க. மூணாவது தெரு சாக்கடை விஷயத்த அவங்கதான் பேசணும்."

திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில் சைக்கிளை நிறுத்தினேன். பதினான்கு வருடச் சட்டத்தை மீறிக் காகிதத்தைப் பிரித்தேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று முறையாக இரண்டு வரிதான். அவற்றுக்கு மேலே எழுதி அடித்திருந்த சில வரிகளும் இருந்தன. அடித்த கோடுகளுக்குள் எழுத்து நன்றாகத் தெரிந்தது.

"என் கணவர் நின்றே தேய்க்கிறார். முட்டி வலியில் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்."

ஊரில் எத்தனையோ பேரின் வலி அவள் மேசைக்கு வருகிறது. நான் ஒருவன்தான் வரிசையில் நிற்காதவன். என்னையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இந்த மனுஷியையா கடையோடு இருக்கச் சொன்னேன் என்று வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

கடைக்கு வந்தேன். அவள் கூட்டத்துக்கு உடுத்திக்கொண்டு, ஆனால் வெளியே இறங்காமல் மேசையருகே நின்றிருந்தாள். நான் ஒரு புதுக் கவரை எடுத்துக் கடிதத்தை அதில் போட்டேன். ஒரு டோக்கனைக் கிழித்தேன். ஒரு பாதியைக் கவரில் குத்தி, யாரும் கேட்காத துணிகள் தொங்கும் கடைசிக் கம்பியில் மாட்டினேன். மறு பாதியை அவளிடம் நீட்டினேன்.

"உன் பொருள். எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கலாம். எனக்கு வேண்டாம். எனக்கு நீ கூட்டத்துக்குப் போகணும்."

அவள் டோக்கனை வாங்கி மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. வாசலில் திரும்பி, "பேக்கரிக்காரர் சட்டை எது, வாத்தியார் சட்டை எதுன்னு தெரியுதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. புகாருக்குத் தனி நேரம் வைத்தோம், பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. புகாருக்கும் டோக்கன் உண்டு. மேசை வேலையை நான் ஒரு வழியாகக் கற்றுக்கொண்டேன்; பேக்கரிக்காரர் மட்டும் இன்னும் கடையிலேயே சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். பெற்றோர் கூட்டத்துக்கு நாங்கள் இருவருமே போய் நின்றோம். மகளுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. என் மனைவி எங்கிருந்தோ ஓர் உயரமான முக்காலியைக் கொண்டுவந்து இஸ்திரி மேடைக்குப் பின்னால் போட்டாள். உட்கார்ந்து தேய்த்தால் மடிப்பு நேராக வராது என்று ஒரு வாரம் வாதாடினேன். தலையணை உறைக்கு நன்றாகவே வருகிறது.

மழைக்காலம் முடிந்ததும் அவளுடைய மழைக்கோட்டு சலவைக்கு வந்தது. பையில் கைவிட்டேன். அந்தப் பாதி டோக்கன் இருந்தது. கவரில் போட்டு, எண் எழுதி, ஹேங்கரில் குத்திவிட்டேன். ஆனால் அன்று முழுக்க என் கண் அந்த ஹேங்கர் மேலேயே இருந்தது.

மாலையில் கோட்டை எடுக்க வந்தவள் கவரைப் பிரித்துப் பார்த்தாள். டோக்கனை ஒருமுறை புரட்டினாள். பிறகு இயந்திரத்திலிருந்து வழித்தெடுத்த பஞ்சும் நூலும் கிடக்கும் குப்பைக் கூடையில் அதைப் போட்டாள்.

"டோக்கன் தொலைஞ்சு போச்சுன்னா நம்ம கடையில பொருள் தர மாட்டோம்ல?"

"யாரா இருந்தாலும் தர மாட்டோம்."

"சரி, மேல வாங்க. சாப்பாடு ஆறுது."