தோவாளையில் மூன்று பூக்கூடையும் ஒரு கான்ஜி அட்டையும்

செவ்வாய், காலை 5.10. நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் திருநெல்வேலி ரோட்டில் போகும் சாதாரணப் பேருந்தில் ஏறினேன். தோவாளை பதினோரு கிலோமீட்டர் போல வரும். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். மடியில் நான்கு நோட்டுகள். நான்கிலும் ஜப்பானியரின் கான்ஜி எழுத்துகள், ஒவ்வொன்றும் நூறு முறை எழுதியது. பூ வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் சுஜாவை வேவு பார்க்கப் போனேன்.

சுஜா என்னோடு ஜப்பானிய மொழி படிப்பவள். விடியும் முன்பே சந்தைக்குப் போய் அண்ணன் கடையில் பூ பொதிந்து கொடுத்துவிட்டு, தலையில் பிச்சிப்பூவோடு மதியம் மூன்று மணி வகுப்புக்கு ஓடி வருவாள். நானோ வேறு வேலையே இல்லாமல் நாள் முழுக்க எழுதுகிறவள். போன வாரத் தேர்வில் அவளுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு, எனக்கு முப்பத்தொன்று. டீச்சர் அவள் தாளைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தின் வேலைக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பெயரைத்தான் அனுப்புவார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் முதலில் வருகிறவள் பெயரை.

ஒழுகினசேரி, தேரேகால்புதூர் தாண்டி வெள்ளமடம் வந்ததும் ஜன்னல் வழியே வயல் தெரியத் தொடங்கியது. கண்டக்டர் கேட்டார்.

"பூவுக்காம்மா?"

"ஆமாண்ணே."

"நாளைக்கு முகூர்த்தம்லா. வெல கேட்டா அடுத்த பஸ்ஸுல திரும்பிருவ."

5.40. சந்தை. அவர் சொன்னது சரிதான், பிச்சி கிலோ ஆயிரத்து நூறு. சாக்கு, ஐஸ்கட்டி, வாழை இலை, கூச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் சுஜா உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி ஷீலா! நீ எங்க இஞ்ச? சாயா குடிக்கியா?"

பூ வாங்க என்றேன். பன்னிரண்டு ரூபாய்ச் சாயாவை அவளே வாங்கித் தந்தாள். இப்படி நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே என்று இன்னும் எரிச்சல் வந்தது.

அவள் முன்னால் மூன்று கூடைகள் இருந்தன. விரிந்த பூ ஒன்றில், அது நாகர்கோவிலுக்கு, இன்றைக்கே விற்றாக வேண்டும். பாதி மொட்டு திருநெல்வேலிக்கு. இறுகிய மொட்டு விமானத்தில் வெளிநாட்டுக்கு. கை பூவைப் பிரித்துக்கொண்டே இருக்க, முழங்காலுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று சின்னக் கூடைகள். அவற்றில் பூ இல்லை. கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்த அட்டைகள், முன்பக்கம் கான்ஜி, பின்பக்கம் தமிழில் அர்த்தம்.

"இதுவும் அதே கணக்குதான்," என்றாள். "தெரியாத எழுத்து விரிஞ்ச பூ. இன்னைக்கே நாலு தடவ பாக்கணும். சுமாரா தெரிஞ்சா ரெண்டு நாள் தாங்கும். நல்லா தெரிஞ்சது வெளிநாட்டுக் கூடைக்கு. அடுத்த திங்கக்கிழமதான் தொறப்பேன். அப்ப மறந்து போச்சுன்னா திரும்பவும் விரிஞ்ச பூவோட வந்துரும்."

"எத்தன தடவ எழுதுவ?"

"எழுத எங்க மக்கா நேரம்? அர்த்தத்த பாத்து எழுத்த மனசுல வரைவேன். வந்த பொறவுதான் அட்டயத் திருப்புவேன். நீ பாத்துப் பாத்து எழுதுவ. கைக்குத் தெரியும், உனக்குத் தெரியாது."

என் நான்கு நோட்டையும் அங்கேயே ஐஸ் தண்ணீரில் முக்கிவிடலாம் போலிருந்தது. ஆறு மாதம் விரல் காய்த்துப்போக எழுதியிருக்கிறேன். இவளுக்குப் பூ பிரிக்கிற கையோடு வந்துவிட்டது!

விரிந்த பூக்கூடையில் மேலாக இருந்தது 'மருந்து'. பதினாறு கோடு, உச்சியில் புல்லைக் குறிக்கும் மூன்று கோடு. போன தேர்வில் அவள் விட்ட இரண்டு மதிப்பெண்ணும் அதில்தான். "இது மட்டும் நிக்கவே மாட்டேங்கு," என்று சிரித்தாள்.

6.50. யாரோ எடை போடக் கூப்பிட, எழுந்து போனாள். நான் அந்த அட்டையை எடுத்தேன். வெளிநாட்டுக் கூடையில் எல்லாவற்றுக்கும் அடியில் செருகினேன். திங்கட்கிழமைதான் திறப்பாள். ஞாயிறோடு தேர்வு முடிந்திருக்கும். தெரிந்தேதான் செய்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

கிளம்பும்போது வாழை இலைப் பொதி ஒன்றைக் கையில் திணித்தாள். "பூ வாங்கல்லா வந்தே? வெறுங்கையோட போவியா?"

7.20. திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பொதியைப் பிரித்தேன். ஒரு முழம் பிச்சிக்கு அடியில், ரப்பர் பேண்ட் போட்ட முப்பது அட்டைகள், சுஜாவின் கையெழுத்தில். வகுப்பில் நான் தப்பாகச் சொன்ன எழுத்துகள் அத்தனையும். எப்போது குறித்து வைத்தாளோ! வகுப்பில் கொடுக்க நினைத்திருப்பாள், நானே முன்னால் போய் நின்றிருக்கிறேன். மேலே ஒரு துண்டுத்தாள்: 'விரிஞ்ச பூ, இன்னைக்கே பாரு.' முதல் அட்டை, மருந்து.

வெள்ளமடம் தாண்டுமுன் போன் போட்டேன்.

"சுஜா, வெளிநாட்டுக் கூடையில அடியில பாரு. மருந்து இருக்கு."

"அங்க எப்பிடிப் போச்சு?"

"நான்தான் வச்சேன்."

கூடையைக் கவிழ்த்து அட்டைகளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நான் தந்த அட்டய நீயே வச்சுப் படி," என்றாள். "பரிட்சைக்கு வா. ஆனா இனி சந்தைக்கு வராத, கேட்டியா?"

8.05, வீடு. அடுக்களையில் மூன்று டிபன் டப்பாக்களை எடுத்துக் கழுவித் துடைத்தேன். தோவாளையில் கூடை, எங்கள் வீட்டில் டப்பா, அவ்வளவுதான் வித்தியாசம். சுஜா சொன்னபடி ஒவ்வொரு எழுத்தையும் முதலில் மனதில் வரைந்தேன், பிறகு அட்டையைத் திருப்பினேன். இருபத்தொன்பதும் விரிந்த பூ டப்பாவுக்கே போயின. மருந்து மட்டும் கையில் மிஞ்சியது. கண்ணை மூடினேன். புல்லிலிருந்து கடைசிக் கோடு வரை பதினாறும் ஒன்று தப்பாமல் வந்தது. நன்றாகத் தெரிந்தது வெளிநாட்டு டப்பாவுக்குத்தான் போக வேண்டும், காலையில் நான் அதை ஒளித்ததும் அந்தக் கூடையில்தான். அதை எந்த டப்பாவிலும் போடவில்லை.