காந்தள் இலையின் பச்சை

அச்சகத்தின் ஓவிய அறையில் நாங்கள் இருவர். நான் ரசாயனமும் வரைகலையும் படித்து வந்தவள். அவர் நாஞ்சில் நாட்டுக்காரர், இருபது வருடமாக அங்கே தூரிகை பிடிப்பவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அரசாங்கத்துக்குக் காட்ட நான்கு தபால்தலை மாதிரிகள் கேட்டிருந்தார்கள். காந்தளும் தேன்சிட்டும், தும்பையும் தேனீயும், தெச்சியும் பட்டாம்பூச்சியும், குறிஞ்சியும் மலைத்தேனீயும். கோடு என்னுடையது, வண்ணம் அவருடையது.

உள்ளங்கை அகலத் தாளில் இலை நரம்பு போட வேண்டும். ஒவ்வொரு நரம்புக்கும் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்குவார். அவருக்குப் பிடித்தது எமரால்டு பச்சை. அதில் பாஷாணம் இருக்கிறது என்று முதல் வாரமே சொன்னேன்.

"தேனீ பூவுல வாய் வைக்கலாம், நான் குச்சியில வைக்கப்பிடாதோ? படிச்ச பிள்ளை பேசுத பேச்சப் பாரு."

நான் குறித்துவைக்கத் தொடங்கினேன். திங்கள்: வயிற்று வலி. புதன்: வாய்க்கோணத்தில் புண். வெள்ளி: கால் மரத்துப்போகிறது என்று செருப்பைக் கழற்றித் தேய்த்தார். அந்தத் தாளை மலையாளி மேனேஜரிடம் காட்டினேன்.

"இருபது கொல்லமா, இருபது வருஷமா நக்குறான், சாகலையே. மாதிரி முடியட்டும், கேட்டோ."

அப்போது யுத்த காலம். சீமைச் சாயம் வருவது நின்றிருந்தது. இந்த ஒரு டியூப் போனால் வேறு கிடைக்காது என்பது என் கணக்கு. சாலைக் கடையில் பாஷாணம் இல்லாத நீலமும் மஞ்சளும் வாங்கிக் கலந்து வைத்துவிட்டு, டியூபை எடுத்து மறைத்தேன். அண்ணாச்சி முகம் சுளித்தார், ஆனாலும் அதிலேயே ஓர் இலை போட்டார். மறுநாள் காய்ச்சல் என்று வரவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் அந்த இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது வாடின பச்சை. நல்லவேளை, பழைய நாடக சீன் வரைகிறவன்கிட்ட ஒரு டியூப் இருந்தது. நேத்து போற வழியில உன் அண்ணாச்சி வீட்டுல கொடுத்தாச்சு, தாளும் கொடுத்தாச்சு. படுத்துக்கிட்டே போடட்டும்."

நான் குடையை எடுத்துக்கொண்டு கரமனையில் இருந்த அண்ணாச்சி வீட்டுக்கு நடந்தேன்.

ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். மூன்று தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவ்வளவு நல்ல காந்தள் இலையை நான் பார்த்ததில்லை. அவருடைய கீழுதடு பச்சையாக இருந்தது.

"வெளிச்சத்த மறைக்காத தங்கச்சி. இன்னும் ஒண்ணுதான்."

நான் குனிந்து டியூபை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. குழந்தையிடம் கேட்பதுபோல் கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்கக் கடுகு கடுகாகத் தோல் தடித்திருந்தது. பாஷாணம் உடம்பில் ஊறியதன் அடையாளம்; அதை நான் என் குறிப்புத் தாளில் எழுதியிருக்கவில்லை. இத்தனை நாள் அந்தக் கையின் மறுபக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கொடு பிள்ளே."

டியூபை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் கையை மடக்கவில்லை.